ஆல்டவேர்ட் ஊரின் இருபத்துமூன்று பெயர்கள்

என் தம்பி இரத்தினவேல் ரொறன்ரோவில் முப்பத்துநான்கு வருடம் அச்சு வேலை செய்தான். அதில் அறுநூற்றுப் பதினான்கு கல்வெட்டுகள். புத்தகம் என்று சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றைக் கெடுத்தவள் நான். தெரிந்தவர்கள் எல்லாரும் அவன்தான் கெடுத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவனும் அப்படித்தான் சொல்லித் திரிகிறான்.

கல்வெட்டு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருபவர்களின் கையில் கொடுக்கும் சிறு புத்தகம் அது. முன்னட்டையில் இறந்தவரின் படம். உள்ளே தேவாரம், பிறகு பிறந்த ஊர், செய்த வேலை, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், கடைசியில் நன்றி. வந்தவர்கள் சாப்பிட்டுக் கை கழுவி அதை வாங்கிக்கொண்டு போவார்கள். சில நாள் காரின் பின் சீற்றில் கிடக்கும். எறியவும் மனம் வராது, வைக்கவும் இடம் இராது. நடுவில் இரண்டு கம்பி அடித்து மடித்தது என்பதால் அலுமாரியில் நிமிர்ந்து நிற்காது.

"முதுகில்லாத சாமான் அக்கா" என்பான் தம்பி. முதுகில் பெயர் எழுதி, அலுமாரியில் தானாக நிற்கிற ஒரு புத்தகம் செய்ய வேண்டும், அதன் கடைசிப் பக்கத்தில் செய்தவன் என்று தன் பெயரைப் போட வேண்டும் என்பதுதான் அவனுடைய ஆசை. அதைத் தவிர அவன் வேறு எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்க்கவில்லை.

எண்பத்தேழில் அவன் இங்கே வந்தபோது வயது இருபத்தைந்து. சென் ஜேம்ஸ் ரவுணில் பதினோராம் மாடியில், ஒரு படுக்கையறை உள்ள வீட்டில் ஏழு பேர். ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினான். எண்பத்தொன்பதில், கூட இருந்த ஒரு பெடியனின் தாய் ஊரில் காலமானா. அவனுக்குப் போக வழியில்லை. முப்பத்தோராம் நாளுக்கு ஒரு கல்வெட்டாவது கொடுக்க வேண்டும் என்று அழுதான். தம்பி கறுப்பு மைப் பேனையால், அச்செழுத்து மாதிரி, பன்னிரண்டு பக்கம் கையால் எழுதினான். நூலகத்துக் கொப்பி மெசினில் நாற்பது பிரதி எடுத்து, கடையில் வாங்கிய மட்டையை அட்டையாக வைத்து மடித்தார்கள். அதைப் பார்த்தவர்கள் தங்கள் வீட்டுச் சாவுக்கும் அவனைத் தேடி வந்தார்கள். அப்படித் தொடங்கியதுதான் தொழில்.

நான் தொண்ணூற்றொன்றில் வந்தேன். எனக்கு எட்டாம் வகுப்புவரைதான் படிப்பு. ஐயா, எங்கள் தகப்பன், செத்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. வீட்டில் ஒருவர் நிற்க வேண்டியிருந்தது, நான் நின்றேன். அவன் படித்தான். அதில் எனக்குக் குறையில்லை. அவன் எழுத்தைப் பார்த்து மற்றவர்கள் மெச்சும்போதெல்லாம் அதில் என் பங்கும் உண்டு என்றே நினைத்துக்கொள்வேன்.

தொண்ணூற்றாறில் வெக்ஸ்போர்ட்டில், லோரன்ஸ் அவெனியூவில், ஒரு லெபனான்காரரின் வெதுப்பகத்துக்குப் பக்கத்தில் கடை எடுத்தான். நான் கோட்டுத் தைக்கும் ஃபக்டரியை விட்டுவிட்டு அங்கே புறூஃப் பார்க்கப் போனேன். எனக்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். வரிக்குக் கீழே அடிமட்டத்தை வைத்து, கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி வாசிப்பேன். அப்படி வாசித்தால் பொருள் கண்ணை இழுத்துக்கொண்டு போகாது. ஒவ்வொரு பெயருக்கும் சிவப்பு மையில் ஒரு சரி. திருத்தியதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதுவேன்: திகதி, பக்கம், முன்பு இருந்தது, இப்போது உள்ளது. இங்கிலீசில் வரும் பக்கங்களையும் அப்படியே பார்ப்பேன். வாசித்து விளங்காவிட்டாலும் எழுத்தோடு எழுத்து ஒப்பிடலாம் அல்லவா.

இன்னொரு பழக்கமும் எங்கள் கடையில் இருந்தது. சாவு வீட்டுக்காரர் எழுதித் தருவதில் பிழை இருக்கும். அழுதுகொண்டு எழுதுவார்கள், ஒரு பேரனை விடுவார்கள், மருமகளின் பெயரை மாற்றி எழுதுவார்கள். அதைத் தூக்கிக் காட்டி அவர்களை வெட்கப்படுத்துவதில்லை. வாய் பேசாமல் திருத்திவிடுவோம். தம்பி சொல்லித் தந்த மரியாதை அது. ஒரேயொரு தரம்தான் எனக்குத் தவறியது. இரண்டாயிரத்து நான்கில், இராசரத்தினம் என்பவரின் கல்வெட்டில், பேரப்பிள்ளைகளின் வரிசையில் அபிஷன் என்ற பெயர் இரண்டு தரம் வந்துவிட்டது. அவர்கள் தந்த தாளிலேயே அப்படித்தான் இருந்தது. மூத்த மகன் கடைக்கு வந்து மேசையில் புத்தகத்தைப் போட்டான்.

"எங்கடை வீட்டிலை ஒரு அபிஷன்தான் இருக்கிறான். மற்றவன் ஆற்றை பிள்ளை எண்டு அம்மா கேக்கிறா. ஐயாவும் இல்லை, ஆரைக் கேக்கிறது?"

தம்பி முந்நூறு பிரதியையும் திருப்பி அடித்துக் கொடுத்தான். அன்றிலிருந்து ஒரு பெயர் இரண்டு தரம் வந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டுவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவேன்.

2022 செப்டெம்பரில் யெல்லெ டைக்ஸ்ட்ரா எங்கள் கடைக்குள் வந்தார். பக்கத்து வெதுப்பகத்தில் பாண் வாங்க வருகிற உயரமான வெள்ளைக்காரர், எழுபத்துநான்கு வயது, பால் லொறி ஓட்டி ஓய்வு பெற்றவர். கடையின் முன்கண்ணாடியில் வைத்திருந்த கல்வெட்டுகளில் ஒன்றை விரித்து, அதில் இருந்த குடும்ப மரத்தைக் காட்டி, இது என்ன புத்தகம் என்று கேட்டார். தம்பி விளக்கினான். செத்தவரைப் பற்றியும் அவருடைய ஊரைப் பற்றியும் அச்சிடுவீர்களா என்று கேட்டார்.

"அதுதான் எங்கள் தொழில்" என்றான் தம்பி இங்கிலீசில். எனக்கும் அது விளங்கியது.

மறுநாள் இரண்டு பெட்டி நிறையத் தாள் கொண்டுவந்தார். அவர் பிறந்தது நெதர்லாந்தின் வடக்கே ஃப்ரீஸ்லாந்தில், ஆல்டவேர்ட் என்ற சிற்றூரில். நாற்பத்தொரு வீடு, ஒரு கிறிஸ்தவக் கோயில். ஐந்து வயதில் தாய் தகப்பனோடு கப்பலில் கனடாவுக்கு வந்துவிட்டார். ஓய்வு பெற்றபின், அந்த ஊரின் வரலாற்றை வீடு வீடாக எழுதியிருந்தார். எந்த வீட்டில் எந்தக் காலத்தில் யார் இருந்தார்கள், என்ன தொழில், பிள்ளைகள் யார் என்று கோயிற் பதிவேடுகளிலிருந்து எடுத்தது. 2023 ஜூனில் அந்தக் கோயிலுக்கு எழுநூற்றைம்பது வயது. அன்றைக்கு இருநூறு புத்தகத்தோடு அங்கே போய் நிற்க வேண்டும் என்றார். முதுகுள்ள புத்தகம். தம்பியின் முகத்தை நான் பார்த்தேன். ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, விலைகூடச் சொல்லாமல் தலையாட்டினான்.

அந்தப் பனிக்காலம் முழுவதும் கடையில் ஆல்டவேர்ட்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது தம்பி எனக்கு அந்த ஊரைச் சொல்வான். அந்த ஊர் ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. மேடு இயற்கையானதல்ல. அணை கட்டத் தெரியாத காலத்தில், கடல் உள்ளே வரும்போது நனையாமல் இருப்பதற்காக, சனங்கள் களிமண்ணையும் சாணியையும் குப்பையையும் கொட்டிக் கொட்டி ஆயிரம் வருடமாக உயர்த்தியது. பிறகு அணை வந்தது. மேடு தேவையில்லாமற் போயிற்று. ஆயிரம் வருடச் சாணி வயலுக்கு நல்ல பசளை என்று கண்டு, ஊரார் தங்கள் ஊரின் பாதியை வெட்டி வள்ளத்தில் ஏற்றி விற்றார்கள். கோயில் மதிலடிவரை வெட்டிய பிறகுதான் நிறுத்தினார்களாம். இன்றைக்கும் ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் சுவர் மாதிரிச் செங்குத்து.

"நிண்ட நிலத்தையே வித்திருக்கினம்" என்றேன்.

"எங்கடை ஆக்கள் காணி விக்கிறேல்லையோ? இவை மண்ணை மட்டும் வித்திட்டு ஊரை வைச்சிருக்கினம்" என்றான்.

இன்னொன்று அவனை மிகவும் மகிழ்வித்தது. இருநூறு வருடத்துக்கு முன்புவரை அவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனின் பெயரைத்தான் பிள்ளையின் பெயரோடு சேர்த்து வைத்தார்கள். எங்களைப் போலவே. "பாத்தீங்களோ அக்கா, இவையும் கந்தையா இரத்தினவேல்தான்" என்று சிரித்தான். அதிலிருந்து எனக்கு அந்தச் சனங்களைப் பற்றி ஒரு துணிவு வந்துவிட்டது. எங்களைப் போன்றவர்கள்தானே என்று எண்ணிவிட்டேன்.

தம்பியின் மகள் துவாரகா வேலை முடிந்து வரும்போது பக்கங்களைப் புரட்டிப் பார்ப்பாள். இங்கே பிறந்தவள்.

"மாமி, சீரியஸ்லி, இந்த ஊரிலை ஏழு பேர்தான் ஸ்டொக்கிலை இருந்திருக்குது. எல்லாரும் யெல்லெ, டௌவெ, ஆன்சே. லைக், கூப்பிட்டா அரைவாசி ஊர் திரும்பிப் பாக்கும்."

"உங்கடை வகுப்பிலை எத்தினை துவாரகா?" என்று தம்பி கேட்டான்.

"த்ரீ" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

யெல்லெ கிழமையில் இரண்டு நாள் வருவார். நான் அவருக்குத் தேநீர் கொடுப்பேன். தம்பி கூப்பிடுவதைக் கேட்டு அவரும் என்னை அக்கா என்றே கூப்பிட்டார். என் பெயரே அதுதான் என்று நினைத்திருந்தார். யாரும் திருத்தவில்லை.

2023 ஏப்ரல் பதினேழாம் திகதி தம்பிக்கு நெஞ்சு நோ வந்தது. மூன்று நாளில் பைபாஸ் செய்தார்கள். அப்போது புத்தகம் முழுவதும் கணினியில் எழுத்துக் கோத்து முடிந்து, முதல் புறூஃபும் அவன் பார்த்துவிட்டான். இரண்டாவதுதான் மிச்சம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி சொன்னான்.

"அக்கா, மற்றதை நீங்கள் பாத்து முடியுங்கோ. துவாரகா எங்கடை மெசினுக்குப் பைலை அனுப்புவாள். ஏதும் சந்தேகமெண்டா யெல்லெயைக் கேளுங்கோ. உங்கடை இங்கிலீசுக்கு ஆள் சிரிக்காது."

"நீ கதைக்காமல் கிட."

"கேட்டுப்போட்டுச் செய்யுங்கோ அக்கா."

முந்நூற்றெட்டுப் பக்கம். பதினொரு நாள் எடுத்தேன். ஆறாம் வீட்டுக்கு வந்தபோதுதான் முதலில் கண்டேன். ஒரு தாய் தகப்பனின் பிள்ளைகள்: டௌவெ, ஆன்சே, ஆன்சே, சீட்ஸே, ஆன்சே. வீட்டு வரிசைகளில் வருடம் போடவில்லை, பெயர் மட்டும்தான். தம்பி கோக்கும்போது தவறிவிட்டான் என்று நினைத்து யெல்லெயின் தாளை எடுத்துப் பார்த்தேன். அதிலும் மூன்று ஆன்சே. அப்படியென்றால் பிழை கிழவருடையது. பழைய பதிவேட்டைப் பார்த்துப் பார்த்து எழுதியவருக்குக் கண் ஒரே வரியில் திரும்பத் திரும்ப விழுந்திருக்கும் என்று முடிவு செய்தேன். எந்தத் தாய் மூன்று பிள்ளைக்கு ஒரு பெயர் வைப்பாள்?

தொலைபேசி மேசையில் இருந்தது. அவருடைய இலக்கம் சுவரில் ஒட்டியிருந்தது. நான் எடுக்கவில்லை. இங்கிலீசுக்குக் கூச்சப்பட்டேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. மறுபாதி, தம்பி இல்லாத நேரத்தில் அவனுடைய புத்தகத்தை ஒரு பிழையும் இல்லாமல் முடித்துக் கொடுத்தேன் என்று இருக்க வேண்டும் என்ற எண்ணம். வாடிக்கையாளரின் பிழையை வாய் பேசாமல் திருத்துவது எங்கள் கடையின் மரியாதை. அந்த மரியாதையை ஆல்டவேர்ட்டுக்கும் செய்தேன். இரண்டு ஆன்சேயை வெட்டினேன். பிறகு தேடித் தேடிப் பார்த்தேன். பதினான்கு வீடுகளில், மொத்தம் இருபத்துமூன்று பெயர். ஒவ்வொன்றையும் கொப்பியில் எழுதினேன். துவாரகா கணினியில் எடுத்துவிட்டாள். "மாமி, அப்பாவைக் கேட்டனீங்களோ?" என்று ஒரு தரம் கேட்டாள். "கேட்டனான்" என்றேன். என் வாழ்நாளில் அச்சு வேலையில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

மே இருபத்தொன்பதாம் திகதி, திங்கட்கிழமை, எங்கள் மெசினில் அடித்து வெளியே கட்டக் கொடுத்த புத்தகங்கள் வந்தன. யெல்லெ வெள்ளிக்கிழமை விமானம் ஏறுவதாக இருந்தது. தம்பியை துவாரகா காரில் கூட்டிவந்து கதிரையில் இருத்தினாள். ஆறு கிழமையில் ஆள் பாதியாகிவிட்டான். முதற் பெட்டியை நான்தான் திறந்தேன். அவன் ஒரு புத்தகத்தை எடுத்து மேசையில் நிறுத்தினான். நின்றது. பிறகு கடைசிப் பக்கத்தைத் திறந்தான். வெறுமையான தாளின் நடுவில் மூன்று வரி: கோத்து அச்சிட்டவர், கந்தையா இரத்தினவேல், ரொறன்ரோ. விரலால் ஒரு தரம் தடவிவிட்டு மூடினான்.

பத்து மணிக்கு யெல்லெ வந்தார். அட்டையைப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், தம்பியின் தோளில் மெதுவாகக் கை வைத்தார். பிறகு நேரே பதினேழாம் வீட்டுக்குத் திருப்பினார். அது அவர் பிறந்த வீடு. விரலை வைத்து வாசித்தார். மறுபடியும் வாசித்தார்.

"யெல்லெ எங்கே?" என்று கேட்டார்.

எனக்கு அந்தக் கேள்வி விளங்கியது. எட்டிப் பார்த்து, இதோ இருக்கிறதே என்று அவருடைய பெயரைக் காட்டினேன்.

"இது நான்" என்றார். "என் அண்ணன் யெல்லெ எங்கே?"

அவர் சொன்னதைத் தம்பி எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான். பாதிக்குமேல் அவன் சொல்லவில்லை. மீதியை துவாரகா சொன்னாள். அந்த ஊரில், தாத்தாவின் பெயரை முதல் பேரனுக்கு வைப்பார்கள். அந்தப் பிள்ளை இறந்துபோனால், அடுத்துப் பிறக்கும் ஆண் பிள்ளைக்கு அதே பெயர். அதுவும் இறந்தால் அதற்கடுத்ததற்கு. பெயர் விழக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். யெல்லெயின் அண்ணன் நாற்பத்தேழில் இரண்டு வயதில் காய்ச்சலில் இறந்தார். அடுத்த வருடம் இவர் பிறந்தார், அந்தப் பெயரோடு. அண்ணனின் கல்லறை இன்று இல்லை. அங்கே புதைகுழிக்குத் தவணை உண்டு, புதுப்பிக்க ஆளில்லாவிட்டால் எலும்பை எடுத்துவிட்டு இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். குடும்பம் கனடாவில் இருந்தது, யாரும் புதுப்பிக்கவில்லை. ஒரு படமும் எடுத்ததில்லை. அவர் இந்தப் புத்தகத்தை எழுதத் தொடங்கியதே பதினேழாம் வீட்டில் அந்தப் பெயரை இரண்டு தரம் எழுதுவதற்காகத்தான்.

எங்கள் வீடுகளில், செத்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைக்க யாருக்கும் மனம் வராது. வாயால் சொல்லக்கூடப் பயப்படுவோம். அதனால் எனக்கு அது தோன்றவே இல்லை. நான் வெட்டிய இருபத்துமூன்றும் பிள்ளைகள். அந்த மூன்று ஆன்சேக்களும் மூன்று பிள்ளைகள்.

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். ஒரு தரம்தான். பிறகு யெல்லெயைப் பார்த்து, "என் பிழை" என்றான். "ஆஸ்பத்திரிக்குப் போக முதல் நான்தான் எடுத்தேன். இரண்டு தரம் வந்திருக்கிறது என்று நினைத்தேன். கேட்டிருக்க வேண்டும்."

நான் வாயைத் திறந்தேன். "அக்கா, தேத்தண்ணி வையுங்கோ" என்றான்.

யெல்லெ கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். புத்தகத்தை மூடி, மேசையில் படுக்க வைத்தார். இனி என்ன செய்யலாம் என்று மட்டும் கேட்டார். வெள்ளிக்கு முன் திருப்பி அடித்துக் கட்ட எந்த இடத்தாலும் ஏலாது. விடுபட்டவர்களை ஒரு தாளில் அச்சிட்டு ஒவ்வொரு புத்தகத்திலும் ஒட்டித் தருவதாகத் தம்பி சொன்னான்.

அவர் போனபின் என் கொப்பியைக் கேட்டு வாங்கினான். இருபத்துமூன்று பெயரையும் வீட்டிலக்கத்தோடு தன் கையெழுத்தில் பார்த்தெழுதினான். என் எழுத்து யெல்லெயின் கண்ணில் படக்கூடாதென்று கொப்பியைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டான். தாளை அவனே கோத்தான். அரைப்பக்க அளவு வந்தது.

"எங்கை ஒட்டுறது?" என்று கேட்டேன்.

"கடைசிப் பக்கத்திலை."

"அதிலை உன்ரை பேரெல்லோ இருக்கு."

"வேறை எங்கை வெறுமையா இருக்கு? சொல்லுங்கோ."

"உள்ளட்டையிலை ஒட்டுவம்."

"உள்ளட்டை ரெண்டிலையும் அந்தாளின்ரை ஊர்ப் படம். அதை மறைக்கேலாது. லூசாச் செருகினா விழுந்திடும். ஒட்டுங்கோ."

"தம்பி, நான் அவரிட்டைச் சொல்லுறன்."

"என்னத்தை?"

"நான்தான் வெட்டினதெண்டு. கண் என்ரை கண்ணெல்லோ."

"கடை என்ரை கடை" என்றான்.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் இருந்து ஒட்டினேன். துவாரகா லீவு எடுத்து வந்து தாள்களை வெட்டித் தந்தாள். ஓரம் தூக்காமல் நான்கு மூலைக்கும் பசை தடவி, அடிமட்டத்தால் அளந்து, ஒரு நூலளவும் சரியாமல் ஒட்டினேன். இருநூறு பிரதி. இருநூறு தரம் என் தம்பியின் பெயரை நானே மூடினேன். அவன் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். "வடிவா ஒட்டுறீங்கள்" என்று ஒரு தரம் சொன்னான். அவன் குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

யெல்லெ போன பிறகு தம்பி கடைக்கு வந்த வேலைகளை எடுக்கவில்லை. வந்தவர்களிடம், ஒரு வெள்ளைக்காரரின் புத்தகத்தில் இருபத்துமூன்று பெயரை விட்டுவிட்டேன், இனி என் கண்ணை நம்பி யாரும் தரக்கூடாது என்று அவனே சொன்னான். கிளடிஸ் அன்ரி என்பவர் தன் புருசனின் கல்வெட்டுக்கு வந்தவ, "உம்மடை கையாலை அடிக்காட்டில் அந்தாளுக்கு மோட்சம் இல்லையப்பா" என்று கெஞ்சினா. அவவையும் வேறிடத்துக்கு அனுப்பினான். ஜூன் இருபதாம் திகதி மெசினை விற்றான். நான் அழுதேன். "நெஞ்சு வெட்டின ஆள் இனி மெசின் தூக்கவோ?" என்று பகிடி விட்டான்.

ஜூன் இருபத்தாறாம் திகதி யெல்லெ திரும்பி வந்தார். கடையில் வெறும் நிலமும் நாலு பெட்டியும்தான் இருந்தன. அவர் வாசலில் நின்று பார்த்தார். பிறகு ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து கதை சொன்னார். அந்த ஊரில் பிரேதத்தைக் கோயிலைச் சுற்றி மூன்று தரம் தூக்கிக்கொண்டு போய்த்தான் புதைப்பார்களாம். விழா நாளன்று, பூசை முடிந்து, கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த பெயர்களை ஒருவர் உரத்து வாசிக்க, மற்றவர்கள் கோயிலைச் சுற்றி மூன்று தரம் நடந்தார்களாம். யாரும் சொல்லி வைத்துச் செய்ததல்ல. ஒரு கிழவி, இந்தத் தாளுக்குக் கீழே என்ன இருக்கிறதென்று நகத்தால் கிளப்பிப் பார்த்தாளாம். வரவில்லையாம். நல்ல பசை என்று சொல்லி யெல்லெ சிரித்தார்.

பிறகு வந்த காரியத்தைச் சொன்னார். அங்கே இன்னும் மூன்று குடும்பங்கள் தங்கள் வீட்டுப் பெயர்களைத் தந்திருக்கிறார்கள். இரண்டாம் பதிப்பு வேண்டும், ஐந்நூறு பிரதி. பெயர்களை அந்தந்த வீட்டில் போட்டு, கடைசிப் பக்கத்தை முன்பிருந்தபடியே விட்டு. "உங்கள் பெயரோடு" என்றார்.

தம்பி வெறும் நிலத்தைக் காட்டினான். ஆறு நாள். ஆறு நாள் அவன் பொறுத்திருந்தால்.

"பைல் தருகிறேன். வேறு இடத்தில் அடியுங்கள்" என்று இங்கிலீசில் சொன்னான். அவர் வற்புறுத்தினார். "நான் அடிக்காத புத்தகத்தில் என் பெயர் எதற்கு?" என்று கேட்டான். அதற்குமேல் அவன் அசையமாட்டான். நான் அவனை வளர்த்தவள், எனக்குத் தெரியும்.

இரண்டாம் பதிப்பு நவம்பரில் வந்தது. நல்ல தாள், நல்ல கட்டு. கடைசிப் பக்கத்தில் வேறோர் அச்சகத்தின் பெயர் சின்ன எழுத்தில் இருக்கிறது. ஒரு பிரதியைத் தருவதற்கு யெல்லெ என்னை வெதுப்பகத்துக்கு வரச் சொல்லியிருந்தார். தம்பி இப்போது மில்லிக்கனில் மகளோடு இருக்கிறான், குளிரில் வெளிக்கிடுவதில்லை. நான் தனியாக பஸ்ஸில் போனேன். போக முதல் துவாரகாவைக் கேட்டு, ஒரு வசனத்தை இங்கிலீசில் சொல்லப் பழகிக்கொண்டேன். பஸ்ஸிலும் சொல்லிப் பார்த்தேன்.

யெல்லெ மூலை மேசையில் இருந்தார். புத்தகத்தைக் கையில் வாங்கியதும் நான் சொன்னேன். பெயர்களை வெட்டியது என் தம்பி அல்ல, நான்.

அவர் என் கையை எடுத்துத் தட்டினார். எனக்கு விளங்க வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக, மெதுவாகச் சொன்னார்.

"அக்கா, நான் விமானம் ஏறுவதற்கு முதல் நாளே உங்கள் தம்பி என்னிடம் சொன்னார். என் அக்கா ஒரு நாள் வந்து, பிழை தன்னுடையது என்று சொல்லுவா, நம்பாதீர்கள் என்றார். சின்ன வயதிலிருந்து அவருடைய பாரத்தையெல்லாம் நீங்கள்தான் தூக்கினீர்களாம்."

இல்லை என்றேன். மறுபடியும் அந்த வசனத்தைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டி, எனக்கு ஒரு கோப்பி எடுத்துவர எழுந்து போனார். அந்த ஒரு வசனத்துக்கு மேல் எனக்கு இங்கிலீசில் சொல்லத் தெரியவில்லை.